களி கிண்ட ஓர் அடுப்படி

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் புரையை எடுத்து லென்ஸ் வைத்து முடித்ததும் டாக்டர் அடுத்த மேசைப் பக்கம் திரும்புகிறார். அங்கே இன்னொருவர் தயாராகப் படுத்திருக்கிறார். அவரைத் தயார்படுத்தியது, பள்ளிப் படிப்பு முடித்து இரண்டு வருடம் பயிற்சி எடுத்த கிராமத்துப் பெண். விலை கூடிய மெஷின் இல்லாமல் சிறு கீறலில் செய்யும் இந்தச் சிகிச்சையைப் பழக ஆப்பிரிக்க நாடுகளின் கண் டாக்டர்கள் இங்கே வருகிறார்கள். பத்து லட்சம் பேருக்கு நாலைந்து கண் டாக்டர்கூட இல்லாத நாடுகள் அங்கே பல. நம் பக்கத்து நத்தம் ஊர்க்காரர்கள் பஸ் ஏறி கண் காட்டப் போகும் அதே ஆஸ்பத்திரிதான் இது.

ஆப்பிரிக்க ஆய்வாளருக்கு இந்தியா கொடுக்கக்கூடிய படிப்பு இதுதான்: குறைந்த காசில், நிறைய பேருக்கு. டெல்லி கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது. 2010-இல் சி.வி.ராமன் பெயரில் ஆப்பிரிக்க ஆய்வாளர்களுக்கான ஃபெலோஷிப் வந்தது. 2015 இந்திய-ஆப்பிரிக்க உச்சிமாநாட்டில், ஐந்து ஆண்டுகளில் 50,000 உதவித்தொகை என்று அறிவித்தார்கள். எண்ணிக்கையில் குறை சொல்ல முடியாது. வந்தவர் எங்கே, எப்படிக் குடியிருப்பார் என்பதைத்தான் யாரும் சரியாக யோசிக்கவில்லை.

வந்தவர்கள் இங்கே எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பது 2016 மே மாதம் தெரிந்தது. டெல்லி வசந்த் குஞ்சில் காங்கோ நாட்டு இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். ஆப்பிரிக்கத் தூதர்கள் ஒன்றுகூடி, ஆப்பிரிக்க தின விழாவைத் தள்ளிவைக்கச் சொன்னார்கள். பாதுகாப்புக்கு உறுதி இல்லையென்றால் புதிய மாணவர்களை இந்தியாவுக்கு அனுப்ப வேண்டாம் என்று தங்கள் அரசுகளுக்குப் பரிந்துரைக்க நேரும் என்றும் எச்சரித்தார்கள். அந்த விழாவை நடத்த இருந்தது யார்? உதவித்தொகை வழங்கும் அதே இந்தியக் கலாச்சார உறவுகள் கவுன்சில்தான்.

நம் பக்கம் அப்படியெல்லாம் கிடையாது என்று மார்தட்டுவது எளிது. வாடகை வீடு கேட்டுப் பார்த்தால் தெரியும். தேய்த்த கருங்கல் நிறத்தில் இருக்கும் நாமே அவர்கள் நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்துவோம். நிறத்தைத் தாண்டி இன்னொரு தயக்கமும் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. வெளிநாட்டுக்காரரைக் குடிவைத்தால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அவர் விவரத்தை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். மாவட்டத்தில் இதைக் கவனிப்பது எஸ்.பி. அலுவலகம். போலீஸ் என்றதும் எந்த வீட்டுக்காரர் நிற்பார்?

நம் ஆட்களுக்கு அந்தப் பக்கத்து அனுபவமும் இருக்கிறது. தமிழ்நாட்டு விரிவுரையாளர்கள் எத்தனையோ பேர் எத்தியோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குப் பாடம் நடத்தப் போனார்கள். அந்நிய ஊரில் வீடு தேடுவது என்னவென்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1959-இல் மார்ட்டின் லூதர் கிங் வந்து பார்த்துப்போன வளாகம். கிராமத்தையே பாடமாக வைத்திருக்கும் இடத்துக்கு, கிராமங்கள் நிறைந்த கண்டத்திலிருந்து இன்னும் நிறைய ஆய்வாளர்கள் வர வேண்டாமா? ஆப்பிரிக்கர்களை வரவழைத்துப் படிக்கவைப்பதை ராணுவம் எப்போதோ செய்துவிட்டது. பின்னாளில் நைஜீரியாவை ஆண்ட ஒபசாஞ்சோவும் புகாரியும் இளம் அதிகாரிகளாகக் குன்னூர் வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் படித்தவர்கள்தான். அங்கே தங்குமிடத்தைக் கல்லூரி பார்த்துக்கொண்டது.

இங்கும் அதுதான் வழி. வீட்டைக் கல்வி நிறுவனம் தன் பெயரில் பிடிக்கட்டும். அட்வான்ஸ் கட்டுவதும் ஆன்லைனில் விவரம் ஏற்றுவதும் அதன் வேலையாகட்டும். முகவரி இல்லாத உதவித்தொகை ஆணை டெல்லியை விட்டுக் கிளம்பவே கூடாது. வீட்டில் அடுப்படி அவசியம். கென்யாக்காரர் உகாலி கிண்டுவார்: மக்காச்சோள மாவு, கொதிநீர், ஒரு கரண்டி. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் களி என்றுதான் சொல்வார்.