வாசல்வரை அழைத்துவந்து திருப்பி அனுப்பலாகாது

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21), 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கும் மட்டுமே எச்.ஐ.வி. குறித்த முழுமையான அறிவு இருப்பது தெரியவந்தது. முழுமையான அறிவு என்று அந்த ஆய்வு கொள்வது மருத்துவப் புலமையை அன்று. ஆணுறையைத் தவறாமல் பயன்படுத்துவதும் தொற்றில்லாத ஒரே துணையோடு வாழ்வதும் ஆபத்தைக் குறைக்கும், பார்வைக்கு நலமாக இருப்பவருக்கும் தொற்று இருக்கலாம், கொசுக்கடியாலோ உணவைப் பகிர்ந்துண்பதாலோ தொற்று பரவாது என்னும் எளிய செய்திகளையே. நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்து ஒரு தலைமுறைக்கும் மேலான காலம் கழிந்த பின்னரும், பத்துப் பெண்களில் ஏழெட்டுப் பேரை இந்தச் செய்திகள் முழுமையாகச் சென்றடையவில்லை என்பது பெருங்குறை.

தமிழ்நாடு இதில் முன்னோடியாக நின்ற மாநிலம். 1994-இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் இங்கே அமைந்தது. பிற மாநிலங்களுக்கு அதுவே முன்மாதிரியானது. 2000-களின் தொடக்கத்தில் சுவர்களையும் பேருந்துகளையும் நிறைத்த ‘புள்ளிராஜா’ எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம், அதுவரை பொதுவெளியில் எவரும் எழுப்பத் துணியாத கேள்வியைத் தேநீர்க் கடைப் பேச்சாக மாற்றியது. ஆனால் அந்த விளம்பரத்தைப் பார்த்தவர்கள் இன்று நடுவயதை நெருங்கிவிட்டார்கள். இன்றைய பதின்பருவத்தினர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. அவர்கள் சுவரொட்டியைப் பார்த்து எதையும் அறிந்துகொள்வதில்லை. உடல் குறித்தும் உறவு குறித்தும் எழும் ஐயங்களைப் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கேட்பதற்குமுன் கைப்பேசியிடம் கேட்கிறார்கள். அங்கே சரியான விடையும் புரட்டும் ஒரே உரத்த குரலில் பேசுகின்றன.

ஆகவே, எச்.ஐ.வி. கல்வியையும் பரிசோதனைக்கான வழிகாட்டுதலையும் பதின்பருவத்தினரின் கைப்பேசிக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதில் இனி விவாதத்துக்கு இடமில்லை. 2023-ஆம் ஆண்டின் ‘அசர்’ கல்வி நிலை அறிக்கை, ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயதுவரையுள்ளோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரின் வீடுகளில் திறன்பேசி இருப்பதையும் அவர்களுக்கு அதை இயக்கத் தெரிந்திருப்பதையும் பதிவுசெய்தது. அதே அறிக்கையில் இருக்கும் மற்றோர் எண்ணிக்கையைத்தான் திட்டம் தீட்டுவோர் முதலில் படித்திருக்க வேண்டும்: திறன்பேசியை இயக்கத் தெரிந்த பையன்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினருக்குச் சொந்தக் கைப்பேசி இருக்கையில், பெண்பிள்ளைகளில் அது ஏறத்தாழ 20 விழுக்காடாகவே இருந்தது. அதாவது, ஐந்து பெண்பிள்ளைகளில் நால்வர் அப்பாவுடையதையோ அண்ணனுடையதையோ அம்மாவுடையதையோ வாங்கித்தான் பயன்படுத்துகிறார்கள்.

இந்த ஓர் உண்மையை மறந்து வடிவமைக்கப்படும் எந்தக் கருவியும் உதவியாக இராது. சில வீடுகளில் ஆபத்தாகவே முடியும். பதிவுசெய்வதற்குக் கைப்பேசி எண்ணையும், அந்த எண்ணுக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் கேட்கும் செயலி, ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் கேள்வியை அவள் தந்தையின் குறுஞ்செய்திப் பெட்டியில் கொண்டுபோய் வைக்கிறது. பரிசோதனை நாளை நினைவூட்ட அனுப்பப்படும் செய்தியில் நோயின் பெயர் இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. எனவே பெயரோ எண்ணோ கேட்காத, நிறுவத் தேவையில்லாத, குறைந்த இணைய வேகத்திலும் இயங்கும், மூடியவுடன் தடயம் விட்டுவைக்காத இணையப் பக்கமே முதல் கருவியாக இருக்க வேண்டும்; எழுத்தைவிடக் குரல் எளிதாக இருப்பவர்களுக்குக் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணான 1097-இல் பதின்பருவத்தினரிடம் பேசுவதற்கென்றே பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் இருக்க வேண்டும். சாம்பியாவில் 2012-இல் தொடங்கப்பட்ட ‘யூ-ரிப்போர்ட்’ சேவை, சாதாரணக் கைப்பேசியிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பும் இளைஞருக்கும் பயிற்சி பெற்ற ஆலோசகர் தனித்தனியே பதிலளிக்கும் முறையைக் கையாண்டது. விலையுயர்ந்த தொழில்நுட்பம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தார் என்பதே அதன் வலிமை. கேள்விக்குத் தானே விடையளிக்கும் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் அவற்றின் விடைகள் மருத்துவர்களால் சரிபார்க்கப்பட்ட தொகுப்பிலிருந்து மட்டுமே வர வேண்டும், அச்சமோ வன்முறையோ வெளிப்படும் கேள்வி வந்தவுடன் உரையாடலை மனிதரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இத்தகைய கல்வி பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்னும் அச்சம் பழையது. 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வளரிளம் பருவக் கல்வித் திட்டத்துக்குப் பல மாநிலங்கள் தடை விதித்ததற்கு இதுவே காரணமாகச் சொல்லப்பட்டது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டி, முறையான பாலியல் கல்வி பாலுறவைத் தூண்டுவதில்லை என்றே முடிவுசெய்தது. இந்த ஐயத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஏதுமில்லை.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு நல்ல கருவி தன் வேலையைச் செவ்வனே செய்துவிட்டது என்று கொள்வோம். தனக்குத் தொற்று இருக்கலாமோ என்று அஞ்சும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு, பரிசோதனை இலவசம் என்பதையும், அரசு மருத்துவமனையில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பெயரில் ஆலோசனையும் பரிசோதனையும் ஒருங்கே கிடைக்கும் என்பதையும், தொற்று உடலில் புகுந்தபின் பரிசோதனையில் தென்படாத ‘சாளரக் காலம்’ ஒன்று உண்டு, ஆகவே மூன்று மாதங்கள் கழித்து மறுபரிசோதனை தேவைப்படலாம் என்பதையும் அது சொல்லிக்கொடுத்துவிட்டது. பிள்ளையும் துணிவை வரவழைத்துக்கொண்டு மையத்தின் வாசலுக்கு வந்துவிடுகிறது. அங்கே கேட்கப்படுவது பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல். 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், விளைவுகளை அறிந்து வழங்கும் ஒப்புதலின்றி எவருக்கும் பரிசோதனை செய்யலாகாது என்கிறது. 18 வயது நிறையாதவர் அந்த ஒப்புதலைத் தாமே வழங்க முடியாது என்பதே நடைமுறை. எந்தச் செய்தியை வீட்டில் சொல்ல முடியாமல் பிள்ளை கைப்பேசியை நாடியதோ, அதையே வீட்டில் சொல்லிவிட்டு வருமாறு திருப்பி அனுப்பப்படுகிறது.

இதே சட்டத்தின் 32-ஆம் பிரிவை இங்கே நினைவூட்ட வேண்டும். எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் பொறுப்புகளைக் கவனித்துவரும், போதிய முதிர்ச்சியுள்ள 12 வயது நிறைந்த பிள்ளை, தன் உடன்பிறந்தோருக்குப் பாதுகாவலராகச் செயல்படலாம். பள்ளியில் சேர்ப்பது, சிகிச்சை பெற்றுத்தருவது, வங்கிக் கணக்கை இயக்குவது வரை அதற்கு அதிகாரம் உண்டு. தம்பியின் சிகிச்சைக்கு முடிவெடுக்கும் முதிர்ச்சி பன்னிரண்டு வயதில் அமையக்கூடும் என்று ஏற்கும் சட்டம், தன் விரல் நுனியிலிருந்து சில துளி ரத்தம் எடுக்கச் சம்மதிக்கும் முதிர்ச்சி பதினாறு வயதிலும் அமையாது என்று கருதுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

பிற நாடுகள் இந்த முடிச்சை அவிழ்த்திருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் 2005-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்படி 12 வயது நிறைந்தவர் தாமே ஒப்புதல் தரலாம். இளையோரிடையே தொற்று வேகமாகப் பரவிய பிலிப்பைன்ஸ், 2018-இல் இயற்றிய சட்டத்தின் வழியாக அந்த வயதை 15 ஆகக் குறைத்தது. இவற்றை அப்படியே பெயர்த்துவர வேண்டும் என்பதில்லை. 16 வயது நிறைந்தவர், பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரின் முன்னிலையில், பெற்றோரின் கையொப்பமின்றிப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்னும் ஒரு திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றினால் போதும்.

இரண்டாவது தடை, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தைப் பற்றிய அச்சம். 18 வயதுக்குட்பட்டவரின் பாலுறவு எதையும் குற்றமாகக் கருதும் அச்சட்டம், அதைப் பற்றி அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பதையும் கட்டாயமாக்குகிறது. பிள்ளைகளைச் சுரண்டுவோரிடமிருந்து காக்க எழுந்த அந்தக் கடமை தேவையானதே. அதைத் தளர்த்தும்படி இத்தலையங்கம் கோரவில்லை. ஆயினும், உண்மையைச் சொன்னால் வழக்காகிவிடும் என்று அஞ்சும் பிள்ளை ஆலோசகரிடம் பொய் சொல்லும், அல்லது வராமலே இருந்துவிடும். உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று வழங்கிய தீர்ப்பில், கருக்கலைப்பை நாடும் 18 வயதுக்குட்பட்ட பெண்ணும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் அளிக்கும் தகவலில் அவளுடைய அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை என்று கூறியது. அதே பாதுகாப்பை நம்பிக்கை மையங்களுக்கும் இணையவழி ஆலோசனைக்கும் விரிவுபடுத்துவது குறித்து மத்திய அரசு தெளிவான வழிகாட்டுதலை வெளியிட வேண்டும். 2023-இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. குறிப்பிட்ட நோக்கங்களுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தையும் அச்சட்டமே அரசுக்குத் தருவதால், எச்.ஐ.வி. ஆலோசனைக்கு அந்த விலக்கு ஐயமின்றிக் கிடைக்கச் செய்வது கடினமன்று. தரவையே சேகரிக்காத கருவிக்கு அந்தச் சிக்கலும் பெரிதாக எழாது.

பிள்ளைக்குத் தொற்று உறுதியானால் பெற்றோருக்குத் தெரியாமல் சிகிச்சை எப்படி நடக்கும் என்று கேட்கப்படலாம். கேள்வி நியாயமானது. நாள்தோறும் மாத்திரை உட்கொள்ளும் பிள்ளைக்குக் குடும்பத்தின் துணை இன்றியமையாதது. பிறப்பிலேயே தாயிடமிருந்து தொற்றைப் பெற்று இப்போது பதின்பருவத்தை அடைந்துள்ள பிள்ளைகளின் வாழ்க்கை அதற்குச் சான்று. ஆனால் பெற்றோருக்குச் சொல்வதென்பது ஆலோசகரின் உதவியோடு, பிள்ளை அதற்கு ஆயத்தமான பொழுதில், முடிவு தெரிந்தபின் நடக்க வேண்டிய காரியம். பரிசோதனைக்கே அதை நிபந்தனையாக்கினால், முடிவும் தெரியாது, சிகிச்சையும் தொடங்காது. வைரஸைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து சிகிச்சை 2004 ஏப்ரல் 1 முதல் தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கப்பட்டுவருகிறது. சென்னையையும் களங்களில் ஒன்றாகக் கொண்டு ஒன்பது நாடுகளில் நடந்த ‘எச்.பி.டி.என். 052’ ஆய்வின் 2011-ஆம் ஆண்டு முடிவு, சிகிச்சையை முன்கூட்டியே தொடங்கினால் துணைவருக்குத் தொற்று பரவும் வாய்ப்பு 96 விழுக்காடு குறைகிறது என்று நிறுவியது. தாமதமாகும் ஒவ்வொரு மாதத்திலும் இழக்கப்படுவது அந்தப் பிள்ளையின் நலம் மட்டுமன்று.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2021 முதல் 2026 வரைக்கென 15,471.94 கோடி ரூபாய் மதிப்பில் வகுக்கப்பட்டது. அடுத்த கட்டத்துக்கான ஒதுக்கீட்டில், செயலிகளின் எண்ணிக்கையையும் பதிவிறக்கங்களையும் சாதனையாகக் கணக்கிடும் வழக்கம் கைவிடப்பட்டு, எத்தனை பதின்பருவத்தினர் தகவல் பெற்றபின் பரிசோதனைக்கு வந்தார்கள், எத்தனை பேர் ஒப்புதல் இல்லாமையால் திரும்பினார்கள் என்பவை பெயர் குறிப்பிடாமல் மாவட்ட வாரியாக வெளியிடப்பட வேண்டும். சட்டத்திருத்தத்துக்காகக் காத்திராமல் தமிழ்நாட்டு அரசு உடனே செய்யத்தக்கவையும் உள்ளன: மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் எண் கேட்காத தமிழ்ச் சேவை ஒன்றைத் தொடங்குவது, மாவட்டந்தோறும் ஒரு நம்பிக்கை மையத்தையாவது பள்ளி முடிந்த மாலை நேரத்தில் திறந்துவைப்பது, அங்கே பெண் ஆலோசகர் ஒருவரை அமர்த்துவது.