புதிய சபைக்கு முன்

கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கம் அடுக்குமாடிகள் எழும்ப எழும்ப, வாடகை மண்டபங்களில் புதிய சபைகளும் தொடங்குகின்றன. தொடங்க நினைக்கும் போதகரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வரப்போகிறவர்கள் யார்? ஆலயமே எட்டாதவர்களா, பக்கத்துச் சபையில் மனத்தாங்கல் கொண்ட நாலு குடும்பமா? பின்னவர்கள் என்றால் அது பிரிவினைதான். 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய சபைகளின் ஒற்றுமைப் பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்றுதான் தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தது. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷன் வளர்த்த சபையும் அதில் சேர்ந்தது. சேர 28 ஆண்டு பிடித்தது. பிரிய இன்று ஒரு மாதம்கூட ஆவதில்லை. அது எனக்கு வலிக்கிறது.

புதிய சபையே கூடாது என்று சொல்லவில்லை. இந்தப் பகுதிக்குக் கட்டட வேலைக்கு வந்து, தம் மொழியில் ஜெபிக்க இடமில்லாத ஒடிசா, ஜார்கண்ட் தொழிலாளர்களுக்காக ஒன்று தொடங்கினால் மனமார வரவேற்பேன். இன்னொன்று: ஆலயம் கட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதை எல்லோரும் யோசிக்கிறார்கள். ஆனால் சபையில் முதல் சாவு விழும்போது எங்கே அடக்கம் செய்வது? பெரும்பாலும் பழைய சபையின் கல்லறைத் தோட்டத்தில்தான் இடம் கேட்க வேண்டிவரும். அந்த ஆயரை இப்போதே போய்ப் பாருங்கள், பெயர்ப்பலகை எழுதுமுன்பே.