மார்கழியில் ஜிம்மி ஏன் நடுங்குகிறது?

மார்கழி பிறந்துவிட்டால் தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கத்து வீடுகளில் விடிகாலையில் ஒரு குரல் கேட்கும். “ஏங்க, ஜிம்மி நடுங்குது பாருங்க. உங்க பழைய ஸ்வெட்டர எடுத்துப் போடுங்க!” கோலம் போட வாசலுக்கு வருகிற அம்மாவின் கண்ணில்தான் அது முதலில் படும். கார் நிறுத்தும் இடத்தில், டைல்ஸ் தரையில், மூக்கை வாலுக்குள் புதைத்துக்கொண்டு ஜிம்மி சுருண்டு கிடக்கும். அப்பா பீரோவைத் திறப்பார். ஊட்டிக்குப் போனபோது வாங்கிய ஸ்வெட்டர், அந்துருண்டை வாசனையோடு வெளியே வரும்.

அந்த ஸ்வெட்டருக்குப் பிறகு வருவோம். சென்னையில் குளிரா என்று கொடைக்கானல்காரர் கேட்டால் சிரிக்கத்தான் செய்வார். இந்த நகரத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி செல்சியஸ்தான். அதுவும் 100 ஆண்டுகளுக்கு முந்தைய கதை. இப்போதெல்லாம் தை மாத விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. நல்ல ஆரோக்கியமான நாய்க்கு இது ஒன்றுமே இல்லை. சைபீரியன் ஹஸ்கி வளர்க்கிறவர்களுக்கு வருடத்தில் நிம்மதியான மாதங்கள் இவைதான், ஏ.சி. கரண்ட் பில் குறையும்.

அப்படியானால் ஜிம்மி ஏன் நடுங்குகிறது? நம் ஊரில் நாயை வாட்டுவது குளிரைவிட ஈரம்தான். ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை மார்கழி வரை இழுக்கிறது. சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை என்று திரும்பிய பக்கமெல்லாம் ஏரி. எல்லாம் நிரம்பி, ஈரக்காற்று வீசிக்கொண்டே இருக்கும். நாயின் ரோமத்துக்கு இடையில் தங்கும் காற்றுதான் அதற்குக் கம்பளி. ரோமம் நனைந்துவிட்டால் அந்தக் கம்பளி போய்விடும். அதோடு டைல்ஸ் தரையும் இரவு முழுக்க உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எனவே முதலில் மாற்ற வேண்டியது தரையை. கடையில் விற்கும் விலை உயர்ந்த பெட் கட்டாயமில்லை. தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஒரு பழைய மரப்பலகை, அதன்மேல் சாக்கு, அதன்மேல் ஒரு போர்வை போதும். சாரலும் எதிர்க்காற்றும் படாத மூலையில் போடுங்கள். போர்வையை வாரம் ஒருமுறை துவைத்து வெயிலில் காயவையுங்கள். ஈரப் போர்வையில் படுப்பதற்கு வெறும் தரையே மேல். கார் ஷெட் சுவரின் விரிசல்களில்தான் உண்ணி ஒளிந்திருக்கும். படுக்கையைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் கொஞ்சம் தள்ளிப் போட்டால் நல்லது.

ஸ்வெட்டர் எல்லா நாய்க்கும் தேவையில்லை. சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லியான நாட்டு வேட்டை நாய்களுக்கு ரோமமும் குட்டை, தோலுக்கு அடியில் கொழுப்பும் குறைவு. வறண்ட தென்மாவட்டத்துக்காரர்கள் அவை. நம் ஈரக்குளிர் அவற்றுக்கு ஒத்துவராது. டாஷ்ஹண்ட், மினியேச்சர் பின்ஷர் போன்ற சின்ன உருவங்களுக்கும், பல் விழுந்த கிழடுகளுக்கும் இரவில் ஒரு பருத்தி பனியனோ மெல்லிய ஸ்வெட்டரோ போடலாம். லாப்ரடாருக்கும் பொமரேனியனுக்கும் போடுவது நம் ஆசைக்குத்தான். போட்டால் காலையில் கழற்றிவிடுங்கள். மழையில் நனைந்த ஸ்வெட்டரோடு நாயை விட்டால், ஐஸ் கட்டியைக் கட்டிவிட்டதுபோல்தான்.

இப்போது அந்த அந்துருண்டை. பாச்சை உருண்டை என்றும் சொல்வோமே, அதிலுள்ள நாப்தலின் நாய்க்கு விஷம். ஸ்வெட்டரை உதறும்போது கீழே விழுந்த ஒரு உருண்டையை நாய் விழுங்கிவிட்டால் ரத்தச் சிவப்பணுக்களும் கல்லீரலும் பாதிக்கப்படலாம். பீரோவிலிருந்து எடுத்த துணியைத் துவைத்து, இரண்டு நாள் வெயில் காட்டிய பிறகே நாய்க்குக் கொடுக்க வேண்டும்.

அன்பினால் நடக்கும் ஆபத்துகள் இன்னும் உண்டு. நெஞ்சில் சளி என்று நீலகிரித் தைலமோ கற்பூரத் தைலமோ தடவினால், நாய் அதை நக்கித் துடைத்து வயிற்றுக்குள் அனுப்பிவிடும். நமக்குத் தலைவலி மருந்து, அதற்கு வாந்தியும் வலிப்பும். பாராசிட்டமால், இபுபுரூஃபன் இரண்டையும் வீட்டு வைத்தியமாகக் கொடுக்கவே கூடாது. சில வீடுகளில் தாத்தாக்கள் ஒரு மூடி பிராந்தி ஊற்றுவார்கள், “சூடு ஏறும்” என்று. உண்மையில் மது தோலுக்கடியில் உள்ள ரத்தக்குழாய்களை விரித்து உடம்புச் சூட்டை வெளியேற்றிவிடும். போதாததற்கு நாயின் உடம்பு அந்த விஷத்தைத் தாங்காது. கிறிஸ்துமஸ் பிளம் கேக்கும், பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலும்கூட வேண்டாம். அவற்றில் இருக்கும் உலர்திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும். சூடான பால் பல வளர்ந்த நாய்களுக்கு வயிற்றுப்போக்குத்தான் தரும். வெதுவெதுப்பான சோறும் கோழி வேகவைத்த தண்ணீரும் (வெங்காயம், பூண்டு, மசாலா இல்லாமல்) தாராளமாகக் கொடுக்கலாம்.

இதையெல்லாம் செய்தும் நடுக்கம் நிற்கவில்லையா? அப்போது அதைக் குளிர் என்று நினைத்துப் போர்வையை இன்னும் ஒன்று போடுவதுதான் பெரிய தவறு. நாய் வலியிலும் நடுங்கும், பயத்திலும் நடுங்கும், காய்ச்சலிலும் நடுங்கும். மூக்கு ஈரமாக இருந்தால் நலம், காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பது பாட்டிமார் கணக்கு. அதை நம்பவே முடியாது. தொட்டுப் பார்ப்பதும் உதவாது, நாயின் சாதாரண உடல் வெப்பமே நம்மைவிட அதிகம். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. மெடிக்கல் ஷாப்பில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, நாய்க்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முனையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். 103-ஐத் தாண்டினால் காய்ச்சல். 99-க்குக் கீழே போனால் உடம்பு சில்லிட்டுப் போகிறது என்று அர்த்தம். நடுங்கிக்கொண்டிருந்த நாய் திடீரென்று நடுக்கத்தை நிறுத்தி, காது சில்லிட்டு, தள்ளாடினால் அது தேறவில்லை, மோசமாகிறது. உலர்ந்த துண்டால் துடைத்துப் போர்த்தி, உடனே டாக்டரிடம் கிளம்புங்கள்.

மழைக்கால நடுக்கத்தில் மிகவும் பயப்பட வேண்டியது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரில் நாய் நடந்தாலோ குடித்தாலோ லெப்டோஸ்பைரா கிருமி உள்ளே போய்விடும். முதல் நாள் சாப்பிடாது, சோர்ந்து நடுங்கும். பிறகு வாந்தி, கண்ணும் ஈறும் மஞ்சள், சிறுநீர் அடர் நிறம். சிறுநீரகமும் கல்லீரலும் போன பிறகு தூக்கிக்கொண்டு ஓடினால் பிழைப்பது கஷ்டம். இந்தக் கிருமி நாயின் சிறுநீரிலிருந்து வீட்டு மனிதர்களுக்கும் தொற்றும். எனவே அதைச் சுத்தம் செய்யும்போது கையுறை அவசியம். வழக்கமாகப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் இதற்கும் மருந்து சேர்ந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆண்டுதோறும் போட வேண்டும், மழை தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட்டால் நல்லது. வாக்கிங் போய் வந்ததும் நாலு காலையும், விரல் இடுக்கு உட்பட, கழுவித் துடைப்பது அடுத்த காவல்.

பக்கத்து டாக்டரால் முடியாதபோது தென் சென்னைக்காரர்களும் போய் நிற்கும் இடம் வேப்பேரி. 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கே இருக்கிறது. தாம்பரத்திலிருந்து டிராஃபிக்கில் போய்ச் சேர நேரமாகும் என்பதையும் கணக்கில் வைத்து, சீக்கிரமே கிளம்புங்கள்.

தெருநாய்கள் குட்டி போடும் காலமும் இதுதான். பாதியில் நிற்கும் கட்டடத்திலோ, மழைநீர் வடிகால் ஓரத்திலோ கண் திறக்காத குட்டிகள் கிடக்கும். பிறந்த முதல் சில வாரங்களுக்குக் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. அதனால் தாயிடமிருந்து பிரிக்காமல், நனையாத இடத்தில் ஒரு அட்டைப்பெட்டியும் சாக்கும் வைத்துக் கொடுத்தால் போதும். தாய் இல்லாமல் சில்லிட்டுக் கிடக்கும் குட்டிக்கு உடனே பால் புகட்ட வேண்டாம். உடம்பு குளிர்ந்திருக்கும்போது குடல் வேலை செய்யாது, பால் செரிக்காமல் உயிரையே வாங்கிவிடும். பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, மெதுவாகச் சூடேற்றிய பிறகே பால். காலையில் காரை எடுப்பவர்கள் கீழே ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்; இரவு முழுக்கச் சூடான எஞ்சினுக்கு அடியில் யாராவது படுத்திருப்பார்கள்.

கடைசியாகச் சங்கிலி. 2015 டிசம்பர் 1-ம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் அடையாற்று வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் புறநகரை மறுபடி மிதக்கவிட்டது. கட்டிப்போட்ட நாயால் நீந்தக்கூட முடியாது. கனமழை எச்சரிக்கை வந்த இரவில் நாயை வீட்டுக்குள்ளே, அவிழ்த்துவிட்டுப் படுக்க வையுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பர் அழியாத மையில் இருக்கட்டும். தடுப்பூசி அட்டையின் போட்டோ போனில் இருக்கட்டும். மாடிக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ கிளம்பும்போது “அது எப்படியாவது சமாளிச்சுக்கும்” என்று விட்டுப்போகாதீர்கள். ஒரு வாரத்துக்கான தீவனம், ஒரு உலர்ந்த துண்டு, அந்தத் தெர்மாமீட்டர் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு மூடி, பரண்மேல் இப்போதே ஏற்றிவிடலாம்.