லொங்குய்ய் வாழ் அச்சு வாசிப்பு இயலாத தமிழர் சார்பில் சமர்ப்பிக்கும் கோரிக்கை மனு

பெறுநர்: அச்சு வாசிப்பு இயலாதோருக்கான நூற்சேவைக்குப் பொறுப்பான அதிகாரிகள்.

விஷயம்: கடல் கடந்த நாடுகளில் ஆயத்தமாக இருக்கும் தமிழ் ஒலிநூல்களையும் பிரெயில் நூல்களையும் எமது வாசகருக்குத் தருவித்தல்.

கனம் அதிகாரிகளுக்கு,

கியூபெக்கின் லொங்குய்ய்யிலும் அதை அடுத்த தென்கரை ஊர்களிலும் வாழும், அச்சுப் புத்தகத்தைப் பயன்படுத்த இயலாத தமிழரும் அவர்தம் குடும்பத்தாரும் அங்கம் வகிக்கும் சங்கம் எமது.

இம்மனுவில் அடங்கிய விஷயம் தங்களுக்குப் புதியதன்று. எமது முதற் கடிதத்தில், இந்தியாவில் ஏற்கெனவே ஒலிவடிவிலும் பிரெயிலிலும் ஆக்கப்பட்டிருக்கும் தமிழ் நூல்களைச் சர்வதேசப் பரிமாற்ற ஏற்பாட்டின் கீழ் தருவிக்குமாறு விநயமாக வேண்டியிருந்தோம். கடிதம் கிடைத்தது என்னும் அத்தாட்சி ஒன்றே பதிலாக வந்தது. அதே வேண்டுகோளைச் சட்டப் பிரிவுகளின் விவரத்தோடு மறுபடியும் எழுதினோம். தமிழ் ஒலிநூல் தயாரிப்பதற்கு நிதி ஒதுக்கீடு இல்லை என்று வருத்தம் தெரிவித்து விடை வந்தது. தயாரிக்கும்படி நாங்கள் கேட்கவே இல்லை. கேட்காததை மறுத்துவிடுவது உத்தியோக உலகில் சௌகரியமான முறையாக இருக்கலாம். கேட்டது கேட்டபடியே நிற்கிறது. அதன்பின் வாசகர் தொகை எவ்வளவு என வினவப்பட்டது. அங்கத்தவரின் சம்மதம் பெற்று அந்த விவரத்தையும் அனுப்பினோம். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. ஆகவே சொன்னதையே சற்று விரிவாகச் சொல்லவேண்டிய நிர்ப்பந்தம் எமக்கு ஏற்பட்டிருக்கிறது.

பிரதான கோரிக்கை இது: மராக்கேஷ் ஒப்பந்தத்தின் 5ஆம், 6ஆம் உறுப்புரைகளின்படி, அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனம் ஒன்றின் மூலமாக, தமிழ் நூல்களின் வாசிப்புக்குகந்த பிரதிகளைக் கேட்டு வாங்கி, எமது அங்கத்தவர்களுக்கு இரவல் வழங்க வேண்டும்.

2013 ஜூன் 27ஆம் திகதி மராக்கேஷ் நகரில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அவ்வொப்பந்தம், ஒரு நாட்டில் சட்டப்படி ஆக்கப்பட்ட ஒலிநூலையோ பிரெயில் நூலையோ, பதிப்புரிமையாளரின் தனி அனுமதியை நாடாமலே, பிறிதோர் உறுப்பு நாட்டின் அத்தகைய ஸ்தாபனத்துக்கோ நேரே வாசகருக்கோ அனுப்ப இடமளிக்கிறது. அதை முதன்முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2014 ஜூன் மாதத்திலேயே செய்துவிட்டது. அமுலுக்கு வருவதற்கு இருபது நாடுகள் வேண்டியிருந்தன. அந்த இருபதாவது நாடாக 2016 ஜூன் 30ஆம் திகதி சேர்ந்தது கனடாவேதான். அதனாலேயே செப்டெம்பர் 30ஆம் திகதி ஒப்பந்தம் உயிர்பெற்றது. இலங்கையும் அதே ஆண்டு ஒக்டோபரில் இணைந்தது. தமிழ் நூல்கள் பிறக்கும் இரு தேசங்களும், அவற்றை வாசிக்க விரும்பும் நாங்கள் வாழும் தேசமும் ஒரே ஒப்பந்தத்துள் அடங்கியிருக்க, எந்தத் தடையைக் காட்டி எமது வேண்டுகோள் ஒத்திவைக்கப்படுகிறது என்பது எமக்கு விளங்கவில்லை. இறக்குமதியைப் பற்றி ஐயம் எழுமாயின், அத்தகைய பிரதியை உள்நாட்டில் ஆக்கச் சட்டம் இடமளிக்கும் நாட்டில் அதைத் தருவிக்கவும் இடமுண்டு என்கிறது 6ஆம் உறுப்புரை. கனடாவின் பதிப்புரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு அந்த இடத்தை ஏலவே அளித்திருக்கிறது.

முன்னுதாரணமும் தொலைவில் இல்லை. வியட்நாமிலிருந்து படகேறி, அகதியாக வந்து கியூபெக்கில் குடியேறிய கிம் துய் அவர்கள் பிரெஞ்சில் எழுதிய ‘ரு’ என்னும் நாவலின் ஒலிநூலையே, ஒப்பந்தம் அமுலுக்கு வந்ததும் கனடாவின் பார்வையற்றோர் தேசிய நிறுவனம் ஆஸ்திரேலிய வாசகருக்கு இரவலாக அனுப்பிவைத்தது. ஒப்பந்தத்தின் கீழ் எல்லை கடந்த முதல் நூல் அது என்று கொண்டாடப்பட்டதும் உண்டு. கியூபெக்கின் அகதி ஒருவர் எழுதிய நூல் சமுத்திரம் கடந்து போகலாமென்றால், கியூபெக்கின் அகதிகள் வாசிக்கவேண்டிய நூல் சமுத்திரம் கடந்து வருவதற்கு என்ன ஆட்சேபம்? போவதற்குத் திறந்த கதவு வருவதற்கும் திறந்தே இருக்கிறது என்பதைத்தான் நாங்கள் திரும்பத் திரும்ப எழுதிவருகிறோம்.

நூல்கள் எங்கே என்றும் கேட்கவேண்டியதில்லை. இந்திய டெய்சி மன்றத்தின் முயற்சியால் 2016இல் தொடங்கிய ‘சுகம்ய புஸ்தகாலய’ என்னும் இணைய நூலகத்தில் தமிழ் நூல்களும் உண்டு. பழைய ஆசிரியர் பலரைப் பொறுத்தவரை ஒப்பந்தத்தின் துணைகூட அவசியமில்லை: பாரதியார், புதுமைப்பித்தன், கல்கி ஆகியோரின் எழுத்துக்கள் தமிழ்நாட்டில் நாட்டுடைமையாகிவிட்டன, கனடாவிலும் அவர்களது பதிப்புரிமை காலாவதியாகிவிட்டது.

இவ்வூரில் இருந்துகொண்டு இந்த மறுப்பைக் கேட்பதுதான் எமக்குப் பெரும் மனவருத்தம். 1861இல் மொன்றியலில் தோன்றிய நாசரேத் நிறுவனத்தின் வாரிசான நாசரேத்-லூயி பிரெயில் நிறுவனம் லொங்குய்ய்யிலேயே இயங்குகிறது. அதன் ஊழியர்மீது எமக்கு யாதொரு குறையும் இல்லை, கடன்பாடே உண்டு. பார்வையற்றோர் உலகெங்கும் கையாளும் ‘விக்டர் ரீடர்’ என்னும், டெய்சி வடிவ ஒலிநூல்களை வாசிக்கும் கருவியை உருவாக்கிய விசுஎய்ட் நிறுவனமும் இவ்வூரில் பிறந்ததே. எமது அங்கத்தவரான முதிய ஆசிரியை ஒருவர் அக்கருவியை மடியில் வைத்து, 2, 8 என்னும் பொத்தான்களால் அத்தியாயமா பந்தியா என்று தெரிவுசெய்து, 4, 6 என்பவற்றால் முன்னும் பின்னும் செல்லப் பழகிக்கொண்டார். பிரெஞ்சு நூல் குறைவின்றி ஓடுகிறது. தமிழ் எழுத்துக்கோப்பு ஒன்றை இட்டபோதோ, கருவியின் குரல் தமிழைக் கண்டதும் வாய்மூடி, இடையிடையே வந்த ஆண்டுகளையும் பக்க எண்களையும் மாத்திரம் பிரெஞ்சில் உரக்க வாசித்துக்கொண்டு போயிற்று. அவருக்கு வேண்டியது மனிதக் குரலில் பதிந்த தமிழ்நூல். வீட்டில் வாசித்துக்காட்ட ஆளில்லையா என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் வினவினாராம். பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், வாசிக்கமாட்டார்கள். ஊர் வாசிகசாலையில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்கப் பத்துப்பேர் சூழ்ந்திருந்து கேட்ட தலைமுறை இது. அந்த வசதியும் இங்கே இல்லை.

அச்சு வாசிப்பு இயலாமை என்பது பார்வையிழப்பு மாத்திரமன்று. நடுக்கத்தால் புத்தகத்தைப் பிடிக்க முடியாதவரையும், எழுத்துக்களைப் புரிந்துகொள்வதில் இடர்ப்படுபவரையும் சட்டம் அதில் அடக்குகிறது என்பதையும் கவனிக்கவும். நீரிழிவினால் பார்வை மங்கியோர் எம்மிடையே பெருகிவருவதால் இத்தேவை குறையப்போவதில்லை.

ஏனைய கோரிக்கைகள் வருமாறு:

அ) பொதுப் பாவனைக்கான கணினிகளில் என்விடிஏ திரைவாசிப்பானையும், தமிழ் பேசும் இலவச ஈஸ்பீக் குரலையும் நிறுவுதல்.

ஆ) கைதடி நவீல்ட் பாடசாலை போன்றவற்றில் தமிழ்ப் பிரெயில் கற்று வந்தோர்க்கு, பார்வையற்றோருக்கான நூல்களை 7 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டுசெல்லும் கனடா அஞ்சல் வசதியைப் பயன்படுத்தி நூல்களை வீட்டுக்கு அனுப்புதல்.

இ) அங்கத்துவ விண்ணப்பப் படிவத்தைத் தொலைபேசி மூலம் பூர்த்திசெய்ய அனுமதித்தல். வாசிக்க இயலாதவர் சிற்றெழுத்துப் படிவத்தை நிரப்பி ஒப்பமிட வேண்டுமென்பதன் நியாயம் ஆராயத்தக்கது.

ஈ) தமிழ் அறிந்த தொண்டர்களின் பெயர்களைப் பதிந்து வைத்தல்.

இவை நான்கும் தாமதமாயினும் பொறுத்துக்கொள்வோம். பிரதான கோரிக்கைக்கோ இம்முறை எழுத்து மூலமான விடை வேண்டும்: இசைவாயின், எந்த ஸ்தாபனம் எப்போது கோருமென்றும், மறுப்பாயின், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி என்றும் குறிப்பிட்டு, தொலைபேசியில் வாசித்துக்காட்டக்கூடிய நடையில் அனுப்பிவைக்குமாறு வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
காரியதரிசி
லொங்குய்ய்