சிறு புள்ளியும் பெரும் துருவும்



கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு நோக்கித் தேசிய நெடுஞ்சாலை 44-இல் காரில் செல்லும்போது இடைசெவலைக் கடந்திருப்பீர்கள். முன்னே விரையும் லாரியின் சக்கரம் தெறிக்கவிட்ட சல்லி ஒன்று பானெட்டில் 'டக்'கென்று விழும். இறங்கிப் பார்த்தால் கடுகளவு பெயிண்ட் பெயர்ந்திருக்கும். 'இவ்வளவுதானே' என்று விட்டுவிடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

பிரைமர், நிறப்பூச்சு, அதன்மேல் பளபளப்புத் தரும் தெளிபூச்சு எல்லாம் சேர்ந்தும் காரின் மேற்பூச்சு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனமே உடையது. அது பெயர்ந்து தகடு வெளிப்பட்டால், நீரும் காற்றும் சேர்ந்து இரும்பைத் துருவாக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கொள்வதால், சுற்றியுள்ள பெயிண்டையும் அடியிலிருந்து தூக்கிவிடும். கரிசல் மண்ணோ ஈரத்தை எளிதில் விடாதது. ஐப்பசி மழைச் சேற்றைக் கழுவாமல் விட்டால் கேடு விரைந்து வரும்.

இதனை வீட்டிலேயே சீர்செய்யலாம். அந்த இடத்தைக் கழுவி, நன்கு உலர்த்துங்கள். மெழுகும் எண்ணெய்ப் பசையும் நீங்க, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடையுங்கள். துரு தென்பட்டால், நுண்ணிய வாட்டர் பேப்பர்த் துணுக்கைக் குச்சியின் முனையில் ஒட்டி, பள்ளத்துக்குள் மட்டும் தேய்த்து முழுவதும் அகற்றுங்கள். தகடு தெரியுமிடத்தில் பிரைமர் ஒரு துளி போதும். அது உலர்ந்தபின் பல்குத்தும் குச்சியின் நுனியால் நிறப்பூச்சை மெல்லிய அடுக்குகளாக வையுங்கள். ஒன்று உலர்ந்த பின்பே அடுத்தது. இறுதியில் தெளிபூச்சு.

வெயிலில் சூடேறிய தகட்டில் இவ்வேலை கூடாது; காற்றோட்டமுள்ள நிழலில் செய்யுங்கள். பெயிண்டும் ஆல்கஹாலும் தீப்பற்றக்கூடியவை. அடுப்பருகே வேண்டாம், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

கடையில் 'வெள்ளை பெயிண்ட்' என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். வெள்ளையிலும் பல சாயல்கள் உண்டு. பெரும்பாலான கார்களில் கதவுச் சட்டத்திலோ பானெட்டின் அடியிலோ உள்ள தகட்டில் நிற எண் குறிக்கப்பட்டிருக்கும். அதைச் சொல்லிக் கேளுங்கள். பம்பர் பிளாஸ்டிக்காயின் அது துருப்பிடிக்காது, அங்கே அவசரமில்லை. தகடு அரித்து ஓட்டை விழுந்திருந்தாலோ பட்டறைக்கே கொண்டு செல்லுங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். துருவை நீக்காமல் அதன்மேல் நிறம் பூசுவது பழுதுபார்ப்பதாகாது, பழுதை மறைப்பதாகும். உள்ளே அரிப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும். நாளை அந்தக் காரை உங்களிடம் விலைக்கு வாங்குபவர், நெடுநாள் சேர்த்த பணத்தோடு வரும் ஒரு குடும்பத் தலைவராக இருக்கலாம். சீர்செய்த இடத்தை அவரிடம் வாய்திறந்து காட்டும்படி, இன்றே அதைச் செம்மையாகச் செய்துவிடுங்கள்!