பின்வரிசையில் நிற்பவர்கள்



டிசம்பர் 3 என்றதும் புனித சவேரியார் திருநாள் நம் நினைவுக்கு வரும். 1971-ஆம் ஆண்டு அதே நாளில், ஆதிவாசிக் கிறிஸ்தவ இளைஞர் ஒருவர் போர்க்களத்தில் உயிர் நீத்தார். அவர் பெயர் ஆல்பர்ட் எக்கா.

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலம், கும்லா மாவட்டத்து ஜாரி கிராமத்தில் 1942-இல் ஒராவன் பழங்குடியில் பிறந்தவர் அவர். வேட்டையிலும் ஹாக்கி ஆட்டத்திலும் நாட்டம் மிக்கவர். 1962-இல் படையில் சேர்ந்தார். வங்கதேச விடுதலைப் போரின்போது, அகர்தலாவை அடுத்த கங்காசாகரில் பகைவரின் அரண்களை அவரது படைப்பிரிவு தாக்கியது. இயந்திரத் துப்பாக்கி ஒன்று தோழர்களைச் சாய்ப்பதைக் கண்ட எக்கா, தனியே பாய்ந்து அதனை அடக்கினார். பலத்த காயமுற்றும் பின்வாங்காது முன்னேறினார். இறுதியில் கட்டடம் ஒன்றின் மாடியிலிருந்து மற்றொரு துப்பாக்கி முழங்கிற்று. தவழ்ந்து சென்று கையெறிகுண்டு வீசினார். அது ஓயாமை கண்டு, சுவரேறி உட்புகுந்து அதனையும் அடக்கியபின் உயிர் துறந்தார். இருபத்தொன்பதாம் பிறந்த நாளுக்கு இருபத்து நான்கு நாள்களே எஞ்சியிருந்தன. அவருக்குப் பரம் வீர் சக்கரம் வழங்கப்பட்டது. அப்போரின் கிழக்கு முனையில் அவ்விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே.

போரை நாம் போற்றவில்லை. தோழரைக் காக்கத் தன்னையே தந்த நெஞ்சத்தைப் போற்றுகிறோம்.

இதனை இப்போது எழுதக் காரணமுண்டு. வெள்ளகோவில் வட்டாரத்து நூற்பாலைகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் உழைக்கும் வடபுலத்து இளைஞர் சிலர், ஞாயிறுதோறும் நம் ஆலய வாயிலோரம் நின்று திருப்பலி காண்கின்றனர். "இந்திக்காரப் பையன்கள்" என்பதே நாம் அவர்களுக்கு இட்ட பெயர். மாதக்கணக்கில் நாமும் பெயர் கேட்டோமில்லை. அண்மையில் கேட்டபோது, ஒருவர் தம் குடிப்பெயர் "எக்கா" என்றார். நாம் தலை குனிந்தோம்.

அவர்களது தாய்மொழி இந்தியன்று, குருக். அது தமிழைப் போன்றே திராவிடக் குடும்பத்து மொழி. கண்ணுக்கும் கைக்கும் அவர்கள் வழங்கும் சொற்கள் நம் சொற்களோடு ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தொலைவிலிருந்து வந்த உறவினரை வாயிற்படியிலேயே நிறுத்திவிட்டோம்!

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்குகிறது. அந்நாளிலும் விடுதி அறையில் தனித்திருக்கப் போகும் ஒருவரையேனும் பெயர் சொல்லி அழைத்து, உங்கள் வீட்டுப் பந்தியில் அமர்த்துங்கள். சத்திரத்தில் இடமின்றி நின்றவர்களின் கதையை ஆண்டுதோறும் வாசிக்கும் நமக்கு, இதைவிடப் பொருத்தமான விழா ஆயத்தம் வேறில்லை.