அணுக்கழிவும் நுண்ணுயிர்களும்

அணுசக்தியின் பயனை நாடும் நாடு அதன் கழிவையும் ஏற்றாக வேண்டும். யுரேனியச் சுரங்கம், தாதுவை அரைக்கும் ஆலை, அணு உலை, எரிந்த எரிபொருளைப் பிரித்தெடுக்கும் தொழிற்சாலை ஆகிய ஒவ்வொன்றும் ஏதேனும் ஒருவகைக் கழிவைத் தருகின்றது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களைக் கொண்டே இக்கழிவைத் தூய்மை செய்துவிடலாம் என்ற செய்தி அவ்வப்போது வெளிவருகிறது. அதில் உண்மை உண்டு. எனினும், அவ்வுண்மையின் எல்லையை அறியாது நம்பிக்கை கொள்வது கேடாக முடியும்.

கதிரியக்கம் அணுவின் கருவில் நிகழ்வது. உயிரினங்களின் இரசாயன வினைகளோ கருவைச் சுற்றியுள்ள எலெக்ட்ரான்களோடு நின்றுவிடுகின்றன. சீசியம்-137 பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 ஆண்டுகள் வேண்டும். புளூட்டோனியம்-239-க்கு 24,000 ஆண்டுகள். யுரேனியம்-238-க்கு 450 கோடி ஆண்டுகள். இக்கணக்கில் ஒரு நாளைக்கூட எந்த நுண்ணுயிராலும் குறைக்க இயலாது. ஆகவே நுண்ணுயிர் கழிவை ‘உண்டு அழிக்கிறது’ என்பது பிழையான கூற்று. அது செய்வது வேறு: நீரில் கரைந்து ஓடும் நஞ்சை ஓரிடத்தில் உறையச் செய்கிறது.

இது நிகழும் முறை எளிதில் விளங்கக்கூடியதே. உணவிலிருந்து பெறும் எலெக்ட்ரான்களை ஒவ்வோர் உயிரும் முடிவில் ஏதேனும் ஒரு பொருளிடம் ஒப்படைத்தாக வேண்டும். மனிதனின் உடல் அவற்றைப் பிராணவாயுவிடம் ஒப்படைக்கிறது. பிராணவாயு எட்டாத சேற்றில் வாழும் ஜியோபாக்டர் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் இரும்பிடம் ஒப்படைக்கின்றன. இவை யுரேனியத்திடமும் எலெக்ட்ரான்களை ஒப்படைக்க வல்லவை என்பதை 1991-ஆம் ஆண்டில் டெரெக் லவ்லி என்னும் அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய துணைவர்களும் வெளியிட்டனர். எலெக்ட்ரான்களைப் பெற்ற யுரேனியம் நீரில் கரையும் தன்மையைப் பெரிதும் இழந்து, மண்ணோடு படிந்துவிடுகிறது.

இம்முறை களத்திலும் சோதிக்கப்பட்டது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கொலராடோ ஆற்றங்கரையில் உள்ள ரைபிள் என்னும் ஊரில் முன்னர் ஒரு யுரேனிய ஆலை இயங்கிவந்தது. ஆலைக் கழிவுக் குவியல் 1990-களில் அகற்றப்பட்ட பின்னரும் நிலத்தடி நீரில் யுரேனியம் தங்கிவிட்டது. 2002-ஆம் ஆண்டில் அந்நிலத்தினுள் அசெட்டேட் என்னும் உப்பு நுண்ணுயிர்களுக்கு உணவாகச் செலுத்தப்பட்டது. ஜியோபாக்டர் பெருகியது, 50 நாட்களுக்குள் சில கண்காணிப்புக் கிணறுகளில் யுரேனியத்தின் அளவு விதிக்கப்பட்ட வரம்பிற்குக் கீழே இறங்கியது. ஆனால் நாளடைவில், கந்தக உப்பைப் பயன்படுத்தும் வேறு பாக்டீரியாக்கள் அவ்வுணவைக் கைக்கொண்டன, ஜியோபாக்டர் குறைந்தது, யுரேனியம் மீண்டும் உயரலாயிற்று. மேலும், உறைந்த யுரேனியத்தைப் பிராணவாயுவோ நைட்ரேட்டோ அணுகினால் அது மறுபடியும் கரையக்கூடும். பூட்டிய கதவு என்றும் பூட்டியே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

கதிர்வீச்சு மிகுந்த இடத்தில் சாதாரண நுண்ணுயிர்கள் மடிந்துவிடும் என்பது மற்றொரு தடை. 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகான் மாநிலத்தில், காமாக் கதிர் பாய்ச்சிய பின்னரும் கெட்டுப்போன டின் இறைச்சியில் ஒரு பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது. டைனோகாக்கஸ் ரேடியோடூரான்ஸ் என்று இப்போது வழங்கப்படும் இது, மனிதனைக் கொல்லும் கதிர்வீச்சைப் போல் ஆயிரம் மடங்கையும் தாங்க வல்லது. பம்பாயில் டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் வேறொரு பாக்டீரியாவின் ஜீனை இதில் புகுத்தி, கதிர்வீச்சின் நடுவிலும் நீர்த்த கரைசலிலிருந்து யுரேனியத்தைப் பாஸ்பேட்டாக வீழ்படியச் செய்யலாம் என்று 2006-ஆம் ஆண்டில் காட்டினர். இது பாராட்டுதற்குரிய சாதனை. எனினும் ஆராய்ச்சிக்கூடத்தின் குடுவை வேறு. மழையும் வெயிலும் மாறி மாறித் தாக்கும் நிலம் வேறு. ஜீன் மாற்றம் பெற்ற உயிரைத் திறந்த நிலத்தில் விடுவதற்குத் தனியான ஆய்வும் அனுமதியும் தேவை.

எனவே பணியைப் பகுத்துக்கொள்வதே அறிவுடைமை. கதிரியக்கம் மிகுந்த கழிவைக் கண்ணாடியோடு உருக்கிச் சேர்த்து உறையவைக்கும் முறை இந்தியாவில் கையாளப்படுகிறது. அவ்விடத்தை நுண்ணுயிர் பெறவியலாது. பரந்த நிலத்திலும் நீரிலும் சிறு அளவில் கலந்துவிட்ட மாசே நுண்ணுயிருக்கு உரிய களம். ஜார்க்கண்ட் மாநிலத்தின் ஜாதுகுடாவில் கிடைக்கும் தாதுவில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே யுரேனியம் உள்ளது. எஞ்சியது ஏறக்குறைய முழுவதும் கழிவாகவே நிற்கிறது. இத்தகைய இடங்களைச் சூழ்ந்த நீரைக் காப்பதில் இம்முறை துணைபுரியுமா என்பது ஆராயத்தக்கது.

ஆனால் ஒரு நிபந்தனை இன்றியமையாதது. நுண்ணுயிரைக் கொண்டு செய்யும் எத்திட்டமும் கண்காணிப்புக் கிணறுகளுக்கும், பல பத்தாண்டுகளுக்கு நீரைச் சோதிப்பதற்கும் வேண்டிய பொருளையும் ஆட்களையும் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும். சோதனை முடிவுகள் அந்நீரைப் பருகும் மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே அறிவிக்கப்பட வேண்டும். ‘நிலம் தூய்மையாயிற்று’ என்று அறிவித்துவிட்டு அதிகாரிகள் அகன்றுவிடுவார்களாயின், அத்திட்டம் இல்லாதிருப்பதே மேலாகும். ஏனெனில் அஞ்சி விலகியிருந்த மக்கள் அச்சொல்லை நம்பி மீண்டும் அக்கிணற்றை நாடுவர். நுண்ணுயிர் நல்ல வேலையாள், காவலாள் அன்று. காவல் மனிதனின் கடமையாகவே இருந்துவரும்.